ஓட்டை விழாத தாள்

ஆனைக்கொம்பன் ஈயைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. கொசு அளவுதான் இருக்கும், வயிறு மட்டும் சிவந்திருக்கும். ஆனால் அது வந்துபோன தடயத்தைப் பார்க்காத நெல் விவசாயி கிடையாது. அதன் புழு குருத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டால், இலையாக விரிய வேண்டியது வெங்காயத் தாள் மாதிரி குழலாக வெளுத்து நீண்டு நிற்கும். அந்தத் தூரில் கதிர் வராது. அப்படிப்பட்ட தூரைப் பிடுங்கி, தாளைக் கிழித்து, உள்ளே இருக்கும் புழுவை ஸ்பிரிட் ஊற்றிய குப்பியில் போட்டு, குப்பியின் மேல் ஊர் எண்ணை எழுதித் திருச்சிக்குக் கொண்டுவருவதுதான் என் வேலை. கே.கே. நகரில் இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்தில் கமருன்னிசா மேடம் அந்தப் புழுவை அரைத்து, அதன் மரபணுவில் இருக்கும் அடையாளங்களைப் பார்ப்பார். எந்த ஊர்ப் பூச்சிக்கு எந்த ஊர்ப் பூச்சி சொந்தம், எது எங்கிருந்து கிளம்பி எங்கே போயிருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும்.

விவசாயிகளுக்கு அதெல்லாம் வேண்டாம். மருந்து என்ன என்று கேட்பார்கள். நாங்கள் மருந்து கொடுக்கிறவர்கள் இல்லை, ஆராய்ச்சி செய்கிறவர்கள் என்று சொன்னால் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மடை திருப்பப் போய்விடுவார்கள். பதினேழு வருஷமாக இந்தப் பார்வையை வாங்கிக்கொண்டிருக்கிறேன். பாலக்கரையில் பிறந்தவனுக்குச் சேற்றில் என்ன வேலை என்று வீட்டில் என் மனைவியும் இதே பார்வைதான் பார்க்கிறாள்.

அதனால்தானோ என்னவோ, என்னிடம் ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. தெரிந்ததையெல்லாம் கொட்டிவிடுவேன். ரெங்கம்மாள் விஷயத்தில் நடந்தது அதுதான்.

ஜீயபுரத்தைத் தாண்டி, காவிரிக் கரையோரம் இருக்கிற அந்த ஊர் எங்கள் பதிவேட்டில் பதினொன்றாம் எண். ரெங்கம்மாளுக்கு அங்கே ஒன்றரை ஏக்கர் நெல்லும் வாய்க்கால் ஓரமாகக் கொஞ்சம் வாழையும் இருந்தன. வீட்டுக்காரர் தங்கையனுக்கு முழங்கால் போய்விட்டது. கட்டிலில் உட்கார்ந்து ரேடியோ கேட்பார். வயலை ரெங்கம்மாள்தான் பார்த்துக்கொண்டார். ஐம்பத்திரண்டு வயதில் மண்வெட்டியை எடுத்தால் ஆம்பளை ஆட்கள் ஒதுங்கி நிற்கிற மாதிரி வெட்டுவார். நான் போகிற நாளில் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார். வாழைத்தண்டுக் கூட்டும் கருவாட்டுக் குழம்பும் அந்த வீட்டில் அடிக்கடி கிடைக்கும்.

வாசலில் அவருடைய ஒரே மகள் வேணி உட்கார்ந்து காந்தி மார்க்கெட்டுக்குப் போகிற வாழையிலைகளை அடுக்கிக் கட்டிக்கொண்டிருப்பாள். இருபத்தாறு வயதிருக்கும். நான் போக ஆரம்பித்து மூன்று மாதம் வரை அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வேணியைக் கட்டிக்கொடுத்தது துறையூர்ப் பக்கம், ரெங்கம்மாளின் சொந்தத் தம்பி சின்னையாவின் மகன் ஜெயக்குமாருக்கு. மூன்று வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. முந்தின வருஷம் சித்திரையில் ஜெயக்குமார் அவளைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிவந்தான். பெஞ்சில் உட்காரவைத்து, காபி வாங்கிக்கொடுத்து, அத்தை வந்து கூட்டிப்போவாங்க என்று சொல்லிவிட்டு, வந்த துறையூர் பஸ்ஸிலேயே ஏறித் திரும்பிப் போய்விட்டான். அத்தைக்கு அவன் போன் பண்ணவே இல்லை. இரண்டு மணி நேரம் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிறகுதான் வேணி தானாக வீட்டுக்குப் போன் செய்திருக்கிறாள். அதற்கப்புறம் பெரியவர்கள் கூடி, சமாதானம் பேசி, கடைசியில் கோர்ட்டில் இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கித் தீர்த்துவிட்டார்கள். இதை எனக்குச் சொன்னவர் தங்கையன். சொல்லும்போது ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்.

ஐப்பசி இரண்டாவது வாரம், மழை விட்டிருந்த ஒரு காலையில் நான் அங்கே இருந்தபோது சின்னையா வந்தார். வெள்ளை வேட்டி, கையில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்த தட்டு. ஜெயக்குமாருக்கு வேறு இடத்தில் பெண் முடிவாகிவிட்டதாம். மாசியில் அறுப்பு முடிந்ததும் பங்குனியில் கல்யாணம். அவர்கள் வழக்கத்தில் தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் பின்னால் நின்று விளக்குப் பிடிக்க வேண்டும். உடன்பிறந்தவள் இல்லையென்றால் அத்தை பிடிக்க வேண்டும். ஜெயக்குமாருக்கு அக்கா தங்கை கிடையாது. இருக்கிற ஒரே அத்தை ரெங்கம்மாள்.

மனுஷனுக்கு ஒரு கூச்சம் வேண்டாமா? வேணி இலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டாள்.

"என்ன இருந்தாலும் நீ எங்க வீட்ல பொறந்த பொண்ணுக்கா" என்றார் சின்னையா. "நடந்தது நடந்துபோச்சு. ரெண்டு பேருக்கும் ஒத்து வரல. அதுக்காக அக்கா தம்பி இல்லன்னு ஆயிடுமா? நீ விளக்குப் புடிக்கலன்னா ஊர்ல என்ன பேசுவாங்க?"

தட்டு தெருவில் பறக்கப்போகிறது என்று நான் எதிர்பார்த்தேன். ரெங்கம்மாள் தட்டை வாங்கிக்கொண்டார். தம்பிக்குக் காபி போட்டுக் கொடுத்தார். நடவு முடிந்துவிட்டதா என்று கேட்டார். பத்து நாள் ஆச்சு, பொன்னிதான், பயிர் இப்போதான் பச்சை பிடிக்கிறது என்றார் சின்னையா. இந்த அறுப்பை நம்பித்தான் கல்யாணத்துக்கே நாள் குறித்திருப்பதாகவும் சொன்னார்.

அவர் போன பிறகு ரெங்கம்மாள் நேராக வயலுக்கு வந்தார். நான் தூர் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் அவர் வயலில் ஆனைக்கொம்பன் நிறையவே விழுந்திருந்தது. வரப்பில் உட்கார்ந்து, இதில் எதில் பூச்சி இருக்கிறது, எதில் இல்லை என்று கேட்டார்.

எனக்குத்தான் கேள்வி கேட்டால் போதுமே. இரண்டு தாளைப் பிடுங்கிக் காட்டினேன். ஒன்றின் நுனியில் சின்ன ஓட்டை, அதில் கூட்டுப்புழுவின் காலித் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. இதிலிருந்து ஈ பறந்துபோய்விட்டது என்றேன். ஓட்டை விழாத இன்னொன்றைக் கிழித்தேன். உள்ளே கூட்டுப்புழு சிவப்பாக அசைந்தது.

"ஓட்டை விழாததுலதான் உசுரோட இருக்கும்க்கா. அதைத்தான் நான் எடுத்துட்டுப் போறேன்."

"புடுங்குனா செத்துடாதா தம்பி?"

"வேரோட புடுங்கி ஈரச் சாக்குல சுத்தி வச்சா ஒரு வாரம் தாங்கும்."

"வேற வயல்ல கொண்டுபோய் ஊனி வச்சா?"

"ஈ வெளிய வந்து அங்க முட்டை வச்சிடும். எளசான பயிர்னா ரொம்பப் புடிக்கும் அதுக்கு."

அவர் ஏன் கேட்கிறார் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை. அது மட்டுமல்ல, ஒரு விஷயத்தை நான் சொல்லவும் இல்லை. ஓட்டை விழாத தாளிலெல்லாம் ஈ இருக்காது. சிலவற்றில் புழு செத்து, அதன் உடம்புக்குள் எள் மாதிரி கறுப்பாக ஏதோ நிறைந்திருக்கும். மேடத்துக்கு அவை உதவாது என்பதால் நான் பார்த்ததும் வீசிவிடுவேன். வீசி எறிகிற பொருளைப் பற்றி யாருக்கு விளக்கம் சொல்லத் தோன்றும்?

அடுத்த முறை போனபோது அவர் வயலில் ஓட்டை விழாத தாள் ஒன்றுகூட இல்லை. ஓட்டை விழுந்தவை மட்டும் அப்படியே நின்றன. பிடுங்கி எரித்துவிட்டீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். ரெங்கம்மாள் பொறந்த வீட்டுக்குப் போய்வந்தாள், தம்பிக்கு இரண்டு கட்டு வாழையிலை கொண்டுபோனாள் என்று தங்கையன் சந்தோஷமாகச் சொன்னார். மனம் மாறிவிட்டது என்று அவருக்கு நினைப்பு. எனக்கும் அப்படித்தான் பட்டது.

கார்த்திகை பாதியில் கமருன்னிசா மேடம் என்னைக் கூப்பிட்டார். துறையூர்ப் பக்கம் குப்பி எடுப்பது வேறொருவர். அவர் கொண்டுவந்ததில் ஒரு வயலின் எட்டுப் புழுக்களில் ஐந்துக்குக் காவிரிக்கரைப் பூச்சியின் அடையாளம் இருந்தது. துறையூர்ப் பூச்சிக்கு வேறு அடையாளம். அந்த ஒரு வயலில் மட்டும், அதுவும் நடு மத்தியில், எங்கள் கரையோரத்துப் பூச்சி உட்கார்ந்திருந்தது.

"நாப்பது கிலோமீட்டர், இளவரசன். நாலு வயல் தள்ளிப் பறக்கவே தெம்பில்லாத பூச்சி இது" என்றார் மேடம். ஐப்பசிப் புயல்காற்று இழுத்துக்கொண்டு வந்திருக்கும் என்பது அவர் ஊகம். அப்படி இருந்தால் அது பெரிய கண்டுபிடிப்பு. முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தது அவருக்கு. இன்னொரு முறை போய் எடுத்து வரச் சொன்னார். குப்பியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். வயலுக்குச் சொந்தக்காரர் பெயர் சின்னையா.

துறையூர் பஸ்ஸில் போகும்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ரெங்கம்மாள் கொண்டுபோனது வெறும் இலைக் கட்டு இல்லை. இத்தனைக்கும் பாடம் எடுத்தவன் நான்.

சின்னையாவின் வயலைப் பார்த்ததும் குழம்பிப் போனேன். சுற்றியிருந்த வயல்களெல்லாம் ஆனைக்கொம்பன் விழுந்து வெளுத்துக் கிடந்தன. இவர் பயிர் மட்டும் கருகருவென்று தூர் கட்டி நின்றது. அங்கங்கே ஒன்றிரண்டு தாள்தான். ஒன்றைப் பிடுங்கிக் கிழித்தேன். உள்ளே புழுவின் உடம்பு ஒரு சின்னப் பை மாதிரி உப்பியிருந்தது. நகத்தால் அழுத்தியதும் எள்ளுக்கும் சின்னதாகக் கறுப்புக் குளவிகள் ஊர்ந்து வெளியே வந்தன. பத்துத் தாளைக் கிழித்தேன். எட்டில் குளவி.

வரப்பிலிருந்தே மேடத்துக்குப் போன் செய்தேன். அவருக்குக் குளவியைப் பற்றிச் சொல்வதில் காற்றைப் பற்றிச் சொன்ன சந்தோஷம் இல்லை, ஆனாலும் பொறுமையாகச் சொன்னார். அந்தக் குளவி ஆனைக்கொம்பனின் புழுவுக்குள்ளேயே வளர்ந்து அதைத் தின்றுவிடும். பயிர் இளசாக இருக்கும்போது குளவி இருக்கிற தாளைக் கொண்டுபோய், பத்துச் சதுர மீட்டருக்கு ஒன்று என்று வயலில் ஊன்றினால் போதும், பூச்சி அடங்கிவிடும். விவசாயிகளுக்கு வருஷா வருஷம் சொல்கிறோம், ஒருத்தரும் செய்வதில்லை என்றார். ஈ பறந்துபோன பிறகும் ஓட்டை விழாமல் மிஞ்சி நிற்கிற தாளில் பெரும்பாலும் குளவிதான் இருக்கும் என்றும் சொன்னார்.

சின்னையா இளநீர் வெட்டிக் கொடுத்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டதில் அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

"பாத்தீங்களா சார் வயலை. எல்லாம் எங்க அக்கா வந்து மிதிச்ச ராசி. ஐப்பசில வந்தா. சின்ன வயசுல நான் நட்ட வயலுடா, தனியா ஒரு நடை நடந்துட்டு வரேன்னா. மூணு மணி நேரம் உள்ளயே நின்னா சார். அழுதிருப்பா போல. பொறந்த பொண்ணு மனசு குளுந்து கால் வச்சா வயலு இப்படித்தான் தழைக்கும். ஊர் பூராம் இதத்தான் சொல்றேன்."

நான் இளநீரைக் குடித்து முடித்தேன்.

மறுநாள் பதினொன்றாம் எண்ணுக்குப் போனேன். ரெங்கம்மாளின் வயல் பார்க்கச் சகிக்கவில்லை. குளவியை எல்லாம் பிடுங்கிக் கொண்டுபோன பிறகு, மிச்சமிருந்த ஈ கேட்பாரில்லாமல் பெருகியிருந்தது. முக்கால் வயல் வெளுத்துவிட்டது. மறைத்துப் பிரயோஜனம் இல்லை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவரும் மறுக்கவில்லை. ஈரச் சாக்கை இலைக் கட்டுக்குள் வைத்துக் கட்டி, கண்டக்டரிடம் லக்கேஜ் டிக்கெட்டும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். மூன்று மணி நேரம் குனிந்து, தூருக்குத் தூர் ஊன்றியிருக்கிறார். இடுப்பு நான்கு நாள் நிமிரவில்லையாம்.

"அப்ப நான் அவனுக்கு நல்லது பண்ணிட்டு வந்திருக்கேன்" என்றார்.

"ஆமாக்கா."

"அவன் என்ன சொல்றான்?"

நீங்கள் மிதித்த ராசி என்று ஊரெல்லாம் சொல்கிறார் என்றேன். அதுவரை கல் மாதிரி நின்றவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். சொந்த வயல் போனதற்கு அவர் முகம் மாறவில்லை. தான் வாழ்த்தியதாகத் தம்பி சொல்கிறான் என்றதும் மாறிவிட்டது. பக்கத்தில் இருந்த தூரைப் பற்றி வேரோடு இழுத்தார்.

"எம் பொண்ணப் பையும் கையுமா பெஞ்சில உக்கார வச்சிட்டுப் போனவங்களுக்கு நான் மனசு குளுந்து கால் வச்சேனா? மண்ணோட மண்ணாப் போகணும்னு நெனச்சுத் தம்பி ஒவ்வொரு தாளா ஊனுனேன். அது அவனுக்குத் தெரியவே வேண்டாமா?"

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். ரெங்கம்மாள் பரிமாறவில்லை, கொல்லையில் இருந்தார். வேணிதான் சோறு போட்டாள். குழம்பை ஊற்றிக்கொண்டே, முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

"அந்தக் குளவி மருந்து அடிச்சா சாகுமா சார்?"

"மொதல்ல சாகறதே அதுதாம்மா. ஈயோட புழு குருத்துக்குள்ள பத்திரமா இருக்கும், மருந்து எட்டாது. வெளிய அலையற குளவிதான் மாட்டிக்கும். அதுக்கப்புறம் ஆனைக்கொம்பனைக் கையில புடிக்க முடியாது. அவசரப்பட்டு அடிக்கிறவங்க வயலுதான் நாசமாப் போகும்."

அவள் தலையாட்டினாள். இன்னும் கொஞ்சம் கூட்டு வைத்தாள். பதினேழு வருஷத்தில் என்னை இவ்வளவு கவனமாகக் கேட்டவர்கள் யாருமில்லை என்று நினைத்துக்கொண்டு நானும் சாப்பிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ரெங்கம்மாள் போன் செய்தார். துறையூர் போகிறேன், உங்கள் ஆய்வுக்கூட மிஷின் சொன்னதை நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார். மேடத்துக்காக இன்னும் சில குப்பி எடுக்க எனக்கும் அன்று அங்கேதான் வேலை. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சின்னையா தட்டோடு வந்து உட்கார்ந்த காலை என் கண்ணிலேயே இருந்தது. இந்த மனுஷனுக்கும் ஒன்று தெரியட்டும் என்று போனேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் அதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

சின்னையா வாசலிலேயே நாற்காலி போட்டார். அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் அக்காவைப் பார்க்க வந்துவிட்டார்கள். ராசிக்காரி அல்லவா. ரெங்கம்மாள் நாற்காலியில் உட்காரவில்லை. இடுப்பிலிருந்து ஒரு வாழையிலைச் சுருட்டை எடுத்துப் பிரித்தார். அதில் ஆனைக்கொம்பன் தாள் நான்கு.

"இதத்தான்டா ஐப்பசில ரெண்டு கட்டுக் கொண்டாந்து ஒன் வயல்ல ஊனுனேன். ஒன் பயிர் ஒண்ணுமில்லாமப் போகணும், கல்யாணம் நிக்கணும்னுதான் ஊனுனேன். நான் அழல. வாழ்த்தல. எங்க ஊருப் பூச்சி இப்ப ஒன் வயல்ல இருக்கு. இவரைக் கேளு."

சின்னையா சிரிக்கப் பார்த்தார். அக்கா கோவத்தில் பேசுகிறாள் என்று கூடியிருந்தவர்களிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். உண்மைதானுங்க, எங்கள் ஆய்வில் காவிரிக்கரைப் பூச்சி என்றுதான் வந்திருக்கிறது என்றேன். அந்தப் பூச்சியைக் குளவி தின்றுகொண்டிருக்கிறது, பயப்படாதீர்கள் என்று தொடர்ந்தேன். அதற்குள் அவர் எழுந்துவிட்டார். நான் சொன்னதில் பாதி அவர் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்.

"நீ விளக்குப் புடிக்க வரவேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

"வரல" என்றார் ரெங்கம்மாள்.

நாங்கள் பஸ் ஏறுவதற்கு முன்பே ஜெயக்குமார் துறையூர் கடைத்தெருவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மருந்து டப்பாக்களோடு போனான். நான் கையை நீட்டி நிறுத்தினேன். மருந்து வேண்டாம், அடித்தால் கெட்டுவிடும், பத்து நாள் பொறுங்கள் என்று நடுரோட்டில் நின்று மன்றாடினேன். அவன் என்னையும் என் பின்னால் நின்ற அத்தையையும் பார்த்தான். நீயும் இவளோட ஆள்தானே என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். ரெங்கம்மாள் பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு, சோறு போடும்போது வேணி மருந்தைப் பற்றிக் கேட்டது ஞாபகம் வந்தது.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. காற்றைப் பற்றி எழுதியிருந்த இரண்டு பக்கத்தையும் அழித்துவிட்டு, மனிதரால் கொண்டுசெல்லப்பட்டது என்று ஒரு வரி எழுதினார். இனி விவசாயிகளிடம் பேசும்போது பாதி சொல்லாதே, ஒன்று முழுசாகச் சொல், இல்லையென்றால் சும்மா இரு என்றார்.

மார்கழி கடைசியில் சின்னையாவின் வயலைப் பார்த்தேன். குளவி ஒன்றுகூட இல்லை. சுற்றியிருந்த வெளுத்த வயல்களுக்கு நடுவே வித்தியாசம் தெரியாமல் அதுவும் வெளுத்துக் கிடந்தது. வரப்பில் காலி டப்பாக்கள் கிடந்தன. சின்னையா என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பி நடந்தார். கல்யாணம் ஆவணிக்குத் தள்ளிப்போய்விட்டது என்று பக்கத்து வயல்காரர் சொன்னார். அந்தப் பெண் வீட்டார் யோசிக்கிறார்கள் என்றும் சொன்னார்.

அன்று மாலையே ஜீயபுரம் போனேன். எனக்குக் கோபம். என்னைக் கேட்டுக் கேட்டு என் வாயாலேயே இதைச் செய்துவிட்டார்களே என்று. தங்கையன் ரேடியோவை அணைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். ரெங்கம்மாள் தன் வயலில் மிச்சமிருந்ததை மாட்டுக்கு அறுத்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் அவருக்கும் ஒரு மூட்டை நெல் தேறாது.

"மருந்து அடிப்பாங்கன்னு தெரிஞ்சுதானே போய்ச் சொன்னீங்க" என்றேன்.

"உண்மையைத்தான தம்பி சொன்னேன்" என்றார் அவர். அரிவாளை நிறுத்தவில்லை.

வாசலில் வேணி இலை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் செருப்பை மாட்டும்போது நிமிர்ந்து பார்த்தாள்.

"எத்தனை தடவை அடிச்சாங்க சார்?"

"நாலு."

கையிலிருந்த இலையின் கிழிந்த ஓரத்தை நறுக்கிவிட்டுக் கட்டின் மேல் வைத்தாள். கல்யாணம் ஆவணிக்குத் தள்ளிப்போன செய்தி அவளுக்கு எப்படியோ முன்பே வந்திருந்தது.

"ஆவணிக்கு முன்னாடி அங்க அடுத்த நடவு எப்ப சார் வரும்?"

எனக்குத் தெரியும். எங்கள் பதிவேட்டில் துறையூர்ப் பக்கத்து நடவுத் தேதிகள் வயல் வயலாக இருக்கின்றன. தெரியாது என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.